ஒற்றைக் கொம்பு

தாரண வருடம், ஆவணி 4, திங்கட்கிழமை

இதை யார் படிக்க நேர்ந்தாலும் என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வரியும் மேட்டில் ஏறும் வண்டி மாதிரி வலது பக்கம் போகப் போக மேலே போய்விடுகிறது. அறுபது வயது தாண்டும் வரை கதவையும் தடியையும் மட்டுமே பிடித்த கை இது. பென்சில் இந்தக் கைக்கு மிக மெலிது. அழுத்தினால் முனை உடைகிறது. அழுத்தாவிட்டால் எழுத்து விழவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நான் எழுதுகிறேன்! இதை எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்து அந்த ஒரு வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் பக்கிரிசாமி. நாகப்பட்டினம் கடற்கரைத் தெருவில் இருக்கும் துறைமுகப் பாங்கின் வாயில் காவலன். என் மனைவி தைலம்மை கப்பல்காரர்களுக்கு வடகமும் ஊறுகாயும் போட்டு விற்கிறாள். வீடு வீடாக வந்து பெண்களுக்குப் படிப்புச் சொல்லும் மிசன் அம்மாளிடம் அவள் எழுத்துக் கற்றாள். அவளிடம் நான் கற்றேன். மிசன் அம்மாள் அடிக்கமாட்டாராம். தைலம்மை அகப்பையால் விரலில் தட்டுகிறாள்.

அவள் மிகவும் கண்டிப்பாக இருப்பது கொம்பு விசயத்தில்தான்.

“இது ஒத்தைக் கொம்பு. சட்டுன்னு சொல்லி முடிக்கணும். மேல சுழிச்சிருந்தா ரெட்டைக் கொம்பு. இழுக்கணும். மெல்லுறது வேற, மேலுங்கிறது வேற. இதுல தப்பு வந்துச்சு, அன்னிக்குச் சோறு கிடையாது.”

வடமொழியிலிருந்து வந்த நாலைந்து எழுத்துகளை அவள் எனக்கு இன்னும் சொல்லித்தரவில்லை. அவை வரும் சொற்களைச் சுற்றிக்கொண்டு போகிறேன். பாங்கின் இரும்புப் பெட்டிச் சாவியை வைத்திருப்பவருடைய பெயர் அப்படி ஒரு எழுத்தில்தான் தொடங்குகிறது. அதனால் அவரைப் பெரிய சாவிக்காரர் என்று எழுதுகிறேன். இந்த நோட்டையும் பென்சிலையும் எனக்குக் கொடுத்தவர் அவர்தான். தங்கமான மனிதர்.

ஆவணி 5, செவ்வாய்

கதவின் பித்தளைக் குமிழைத் துடைத்தேன். பித்தளை என்று எழுத வருகிறது.

ஆவணி 6, புதன்

பெரிய சாவிக்காரர் இன்று ஊருக்குப் போனார். காரைக்காலில் அவர் மாமியாருக்குக் காரியமாம். மாமியார் போன தையில் இறந்ததாக ஞாபகம். ஒருவேளை அது சின்ன மாமியாராக இருக்கலாம். அவருடைய மரப்பெட்டியை நானும் வண்டிக்காரனும் சேர்ந்து தூக்கினோம். இடுப்பில் ஏதோ பிசகிவிட்டது.

“உள்ள என்னங்க ஐயா, இவ்வளவு கனம்?” என்றேன்.

“புத்தகம்தான் பக்கிரி. படிப்பு எவ்வளவு கனம்னு உனக்குத்தான் இப்ப தெரியுமே” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வண்டி நகர்வதற்கு முன் என் கையில் ஒரு வெள்ளிக்காசை வைத்தார். அப்படி ஒரு மனிதர்.

தைலம்மை கூரை ஓடு விற்பவரிடம் பேசிவிட்டு வந்தாள். எங்கள் வீடு கீற்றுக் கூரை. போன ஐப்பசியில் பாதிக் கூரை பறந்து, ஈரத்தில் உட்கார்ந்து மூன்று நாள் சமைத்தாள். அப்போதிருந்து வடகக் காசைப் பாங்கில் போட்டு வருகிறாள். இந்த மழைக்கு முன் ஓடு போட வேண்டும். முதலில் காசை அடுக்குப் பானையில்தான் வைத்திருந்தாள். பாங்கில் போடச் சொன்னது நான்.

ஆவணி 7, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒவ்வொரு எழுத்தாக எழுதுகிறேன்.

காலையில் பாங்கை நடத்தும் வெள்ளைக்காரத் துரை மாற்றுச் சாவியால் இரும்புப் பெட்டியைத் திறந்தார். கணக்கர் வெங்கோபராயர் பக்கத்தில் நின்றார். முன் வரிசைப் பைகளில் பணம் இருந்தது. பின் வரிசைப் பைகளில் கூழாங்கல் இருந்தது. துரை ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துரை தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் சீமை. எல்லையைத் தாண்டிவிட்டால் நம் போலீசு தொட முடியாது. இதை ராயர்தான் சொன்னார். மாமியார் காரியத்துக்குப் போனவரை எதற்குப் போலீசு தேட வேண்டும் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

அந்த மரப்பெட்டியை வண்டியில் ஏற்றியது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இடுப்பு வலி விடவில்லை.

துரை சென்னப்பட்டணத்துத் தலைமைப் பாங்குக்குத் தந்தி கொடுத்தார். மாலையில் பதில் வந்தது. பணம் கப்பலில் அனுப்புகிறார்களாம். கப்பல் செவ்வாய்க்கிழமை வந்து சேருமாம். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. நான் திறக்கவில்லை. ஆனால் கூழாங்கல் விசயம் எனக்கு முன்பே கடைத்தெருவுக்குப் போய்விட்டது.

ஆவணி 8, வெள்ளி

இன்று என் வாழ்நாளில் முதல் தடவையாக ஊர் நடுவில் உரக்கப் படித்தேன்.

காலையிலேயே பாங்கு வாசலில் கூட்டம். யாரும் சண்டை போடவில்லை. என்ன ஏது என்று கேட்டுப் போகத்தான் வந்திருந்தார்கள். ஊரை அமைதிப்படுத்த ஓர் அறிவிப்பு ஒட்டலாம் என்று துரை சொல்ல, ராயர் தமிழில் எழுதிக் கொடுத்தார். கஞ்சிப் பசை தடவி, யாரும் கிழிக்காதபடி கதவில் உயரமாக ஒட்டினேன்.

கயிற்றுக் கடை சேகாதி மரைக்காயர் முன்னால் நின்றார். “என்னப்பா அது? படிச்சவங்க யாராச்சும் முன்ன வாங்கப்பா.”

“நானே படிக்கிறேன் மரைக்காயரே.”

“நீயா? எப்பலேருந்து?”

“சித்திரையிலேருந்து.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, முண்டாசைச் சரிசெய்து, முக்காலி மேல் ஏறி நின்று படித்தேன். அதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். ராயர் எழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் கிடையாது. புள்ளிகள் மட்டும் நான் வைத்தவை. மற்றதெல்லாம் அவர் எழுதியபடியே.

“இந்தப் பாங்கு சென்னப்பட்டணத்தில் பணம் கெட்டது. கப்பல் வருகிறது. யாரும் பயப்பட அவசியமில்லை.”

ஓர் இடத்தில்கூட நான் திக்கவில்லை. கடைசி வரை குரல் உடையவில்லை. கீழே பார்த்தேன். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

“கெட்டதா? சென்னப்பட்டணத்துலயும் கெட்டுப்போச்சா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“கப்பல் எதுக்கு வருது? துரை ஏறி ஓடுறதுக்குத்தான்!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

அவ்வளவுதான். முக்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கதவை இடித்துக்கொண்டு எல்லோரும் உள்ளே பாய்ந்தார்கள். ரசீதுகளைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு தங்கள் பணத்தை இப்போதே கொடு என்று கூச்சல்.

ராயர் அவ்வளவு பட்டவர்த்தனமாக எழுதியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்கள் விசயம், நமக்கென்ன தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் தைலம்மை ஒன்றுதான் கேட்டாள். “ஓட்டுக் காசு?”

“பத்திரமா இருக்கும்.”

“நீங்க நிக்கிற வாசல்னுதான் போட்டேன்” என்றாள். படித்தேன் என்று அவளிடம் சொல்லிப் பெருமைப்பட நினைத்திருந்தேன். சொல்லவில்லை.

ஆவணி 9, சனி

கூட்டம் இரண்டு மடங்கு. திருவாரூரிலிருந்துகூட வண்டி கட்டி வந்திருக்கிறார்கள். பணத்தை எல்லாம் சில்லறையாகக் கொடுக்கும்படி துரை உத்தரவு போட்டார். அப்படிக் கொடுத்தால் நேரம் ஓடுமே என்று. ராயர் ஒவ்வொரு காசையும் தட்டி ஓசை பார்த்துக் கொடுத்தார்.

எண்ணெய்க் கடை வேலாயுதம் செட்டியார் படித்தவர். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறிவிப்பை அண்ணாந்து பார்த்தார். “கெட்டதுன்னுதான்யா எழுதியிருக்கு” என்றார். நான் சரியாகத்தான் படித்திருக்கிறேன். உள்ளூர ஒரு நிம்மதி.

மதியம் துரை என்னைக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

“பக்கிரி, அறிவிப்பு ஒட்டினோம். அதுக்கு அப்புறம்தான் சத்தம் அதிகம். ஏன்?”

“தெரியலைங்க துரை. நான் நல்லா உரக்கத்தான் படிச்சேன்.”

“நல்லது” என்று என் தோளில் தட்டினார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

மாலை கதவடைக்கும்போது ராயர் என் காதில் சொன்னார். “திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேலே பெட்டியிலே கூழாங்கல்தான் பாக்கி.” கப்பல் வருவதோ செவ்வாய்.

ஆவணி 10, ஞாயிறு

தைலம்மை பேசவில்லை. பாத்திரங்கள் பேசின.

சாப்பிட்டு முடித்ததும், “நாளைக்கு நானும் வர்றேன்” என்றாள்.

“வாசல் காவல்காரன் பொண்டாட்டியே பணம் எடுக்க வந்தா ஊரு என்ன நினைக்கும்?”

“மழை வந்து என் அடுப்பு நனையும்போது ஊரு வந்து குடை பிடிக்குமா?”

கூரையைப் பார்த்தேன். கீற்றின் இடுக்கில் வானம் தெரிந்தது.

ஆவணி 11, திங்கள்

பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும். கை வலித்தாலும் சரி.

தைலம்மை மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்றாள். நான் அவளைப் பார்க்காத மாதிரி நின்றேன். அவள் கதவருகே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. உள்ளே பைகள் இளைத்துக்கொண்டிருப்பதை ராயர் முகத்திலேயே பார்க்க முடிந்தது.

அவள் அண்ணாந்து அறிவிப்பைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“இதத்தான் அன்னிக்குப் படிச்சீங்களா?”

“ஆமா.”

“இப்ப படிங்க.”

“இங்கேயா?”

“இங்கேதான். எல்லாரும் கேக்கட்டும்.”

படித்தேன். கெட்டது என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். “அதுல என்ன கொம்பு?”

“ஒத்தைக் கொம்பு” என்றேன். சந்தேகமே இல்லை.

“ராயர் சாமி என்னிக்காச்சும் ரெட்டைக் கொம்பு போட்டுப் பாத்திருக்கீங்களா?”

முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன் ரசீதை எடுத்தாள். அதுவும் ராயர் கையெழுத்துதான். “நம்ம தெரு என்ன தெரு?”

“மேலத்தெரு.”

“இதுல என்ன எழுதியிருக்கு?”

பார்த்தேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். “மெலத்தெரு” என்றேன்.

“நாம மெலத்தெருவிலயா குடியிருக்கோம்?”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சேகாதி மரைக்காயர் மடியிலிருந்து தன் ரசீதை எடுத்து நீட்டினார். “தாயி, என் பேரு என்ன போட்டிருக்குன்னு பாரு.”

“செகாதின்னு இருக்குங்க.”

“அட என் வாப்பா வெச்ச பேர அரையாக்கிட்டாரே!”

வேலாயுதம் செட்டியார் கண்ணாடியை மாட்டினார். அவர் வெலாயுதம் ஆகியிருந்தார். அதற்குள் ஆளாளுக்கு ரசீதை எடுத்துவிட்டார்கள். படிக்கத் தெரியாதவர்கள் என்னிடமும் தைலம்மையிடமும் நீட்டினார்கள். சோமு என்றொருவன் சொமு ஆகியிருந்தான். கோட்டைவாசலில் குடியிருக்கும் தச்சர் ஒருவரின் ரசீதை நானே உரக்கப் படித்துவிட்டேன். அவர் கொட்டைவாசலில் இருப்பதாக எழுதியிருந்தது. ஆண்கள் சிரித்த சிரிப்பில் துரை என்ன கலவரமோ என்று வெளியே ஓடிவந்தார். பின்னாலேயே ராயரும்.

“ராயர் சாமி, இங்க என்ன எழுதினீங்க? கெட்டதா, கேட்டதா?” என்று தைலம்மை அறிவிப்பைக் காட்டினாள்.

“கேட்டதுன்னுதாம்மா! பாங்கு சென்னப்பட்டணத்திலே பணம் கேட்டது, கப்பலிலே வருதுன்னு எழுதினேன். இதிலே என்ன சந்தேகம்?”

“ரெட்டைக் கொம்பு எங்க சாமி?”

ராயருக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்க தோப்பனார் ஏட்டிலே எழுதினவர். ஓலையிலே புள்ளி வெச்சா பொத்துண்டு போயிடும். கொம்புக்கு ஒரு சுழி போறும். எனக்கு அதுதான் கை வழக்கம். படிக்கிறவனுக்குப் புத்தி இருந்தா தானே புரிஞ்சுக்கறான்!”

“அந்தப் புத்திக்காரரத்தான் முக்காலி போட்டு ஏத்தி வெச்சிருக்கீங்களே!” என்றார் மரைக்காயர்.

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மீன்காரி மாரியாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முதலில் காது சுட்டது. பிறகு பார்த்தேன், மூன்று நாளாக என் மேல் இடித்துக்கொண்டிருந்த கூட்டம் தானாகவே ஓரடி பின்னால் நகர்ந்திருந்தது. சிரிக்கிறவனால் இடிக்க முடியாது போலிருக்கிறது. நானும் சிரித்துவிட்டேன்.

செட்டியார் மட்டும் சிரிக்காமல் கேட்டார். “கொம்பு இருக்கட்டும் துரை. பெட்டியில கூழாங்கல்லுன்னது நிசம்தானே?”

துரை தொப்பியைக் கழற்றினார். “நிசம். நம்ம ஆள் ஒருத்தர் திருடினார். அது எங்க தப்பு, உங்க நட்டம் இல்ல. நாளைக்குக் கப்பல்ல பணம் வருது. எல்லாருக்கும் தருவோம்.”

வரிசையில் அடுத்த ஆள் தைலம்மைதான். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் உள்ளே போகாமல் என்னிடம் வந்தாள்.

“கப்பல் நாளைக்கு வருமா?”

“வருதுன்னு எழுதியிருக்கு.”

“எழுதியிருக்கிறது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க.”

கப்பலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? துரைக்கு வந்த தந்தி இங்கிலீசில் இருந்தது. கடலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர். நான் இல்லை என்று தலையசைத்தால் அவள் உள்ளே போய்க் காசை வாங்கிவிடலாம். அவள் கூரை பிழைக்கும். அவள் பின்னால் நிற்பவர்கள் கூரை என்ன ஆகும் என்று தெரியாது.

“வரும்” என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அகப்பை கையில் இருந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி. பிறகு ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு, “வடகம் வெயில்ல கிடக்கு, காக்கா கொத்திடும்” என்று போய்விட்டாள்.

“சரி, எங்கே போயிடப் போவுது, நாளைக்கு வருவோம்” என்று மரைக்காயர் நடையைக் கட்டினார். பாதிப் பேர் அவர் பின்னால் போனார்கள். மீதிப் பேருக்குப் பணம் இருந்தது. கதவடைக்கும்போது ராயர் காட்டிய பையில் ஒரு கைப்பிடிதான் மிச்சம்.

ஆவணி 12, செவ்வாய்

காலையில் கப்பல் இல்லை. கதவருகே நின்று கடலையே பார்த்தேன். பித்தளைக் குமிழைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். மதியம் வரை கப்பல் இல்லை. ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். யாரும் வரிசையில் நிற்கவில்லை. எல்லோரும் எனக்குப் பக்கத்தில் நின்று கடலைப் பார்த்தார்கள். அது வரிசையைவிடப் பயமாக இருந்தது. நான் சாப்பிடப் போகவில்லை. தைலம்மை தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

மாரியாயிதான் முதலில் பார்த்தாள். “அங்க பாருங்க, புகை!”

புகைதான். பிறகு கப்பல். பிறகு படகுகள் போய் இரும்பு அடித்த பெட்டிகளோடு திரும்பின. ஒவ்வொரு பெட்டியையும் நாலு பேர் தூக்கினார்கள். நானும் ஒரு கை கொடுக்கப் போனேன். இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

துரை ஒரு பெட்டியை வாசலிலேயே திறந்து காட்டினார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வாங்கிக்கொண்டு போனவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். செட்டியார் சனிக்கிழமை பாதிப் பணமாக எடுத்த சில்லறை மூட்டையை ஆள் வைத்துத் தூக்கிவந்து திரும்பவும் போட்டார். அதை ராயர் மறுபடி தட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

தைலம்மை தூக்கைத் திறந்து, “சோறு ஆறிப்போச்சு, சாப்பிடுங்க” என்றாள். கடற்கரைத் தெரு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதில்லை.

ஆவணி 13, புதன்

தைலம்மை வந்து ஓட்டுக் காசை எடுத்தாள். துரையே எழுந்து நின்று கொடுத்தார். அவர் ஒரு புது உத்தரவும் போட்டார். இனி அறிவிப்புகளை அச்சிலேயே அடிக்க வேண்டும். அவற்றை நான் உரக்கப் படிக்கலாம், ஆனால் தைலம்மையிடம் ஒரு தடவை படித்துக் காட்டிய பிறகுதான். வேலை போய்விடுமோ என்று பயந்திருந்தேன். இது வேலையைவிடக் கடினமாக இருக்கும் போலிருக்கிறது.

ராயர் என்னோடு பேசவில்லை. ஆனால் மாலையில் அவர் எழுதிய ரசீது ஒன்றை எட்டிப் பார்த்தேன். ஒரு கொம்பின் தலையில், மனமில்லாமல் போட்ட மாதிரி, சின்னச் சுழி இருந்தது.

ஆவணி 24, ஞாயிறு

ஓடு போட்டாயிற்று. நேற்று மாலை ஒரு மழை. ஐப்பசி மழை மாதிரி இல்லை, சும்மா எட்டிப் பார்க்க வந்த மழை. தைலம்மை அடுப்பில் உலை வைத்துவிட்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. ஓட்டின் மேல் மழை விழும் ஓசை கீற்றில் விழுவது போல் இல்லை. யாரோ மேலே நின்று சில்லறை கொட்டுவது போல் இருக்கிறது.

என் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். “அப்படி என்னத்தத்தான் தூக்குனீங்க?”

“புத்தகம்” என்றேன்.

அவள் தேய்ப்பது ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட அழுத்தித் தேய்த்தாள்.

பெரிய சாவிக்காரரைக் காரைக்கால் கடைத்தெருவில் தொப்பி போட்டுக்கொண்டு பார்த்ததாக ஒரு படகுக்காரர் சொன்னார். பிரெஞ்சுக்கார அதிகாரியிடம் நம் துரை எழுதிக் கேட்டிருக்கிறார். கேட்டிருக்கிறார், இரட்டைக் கொம்பு. ஆளின் முழுப் பெயரை யாராவது எழுதிக் கொடுத்தால் பிடிக்க வசதியாக இருக்குமாம். அதனால் தைலம்மையிடம் அந்த எழுத்தைச் சொல்லித்தரச் சொன்னேன். காலையிலிருந்து தரையில் சாக்குக்கட்டியால் போட்டுப் போட்டு அழித்தேன். அகப்பை இரண்டு தடவை விழுந்தது.

ஜ

இதோ, வந்துவிட்டது. வால் கொஞ்சம் கோணல். மீதிப் பெயரை அடுத்த ஞாயிறு எழுதுகிறேன்.